அந்தமானுக்குக் குடிபோகிறவர்களுக்கு: மெயின்லேண்டோடு ஒட்டு அறுந்துபோகாமல் வாழ்வது எப்படி

மாற்றல் ஆர்டர் கையில் வந்ததும் எல்லோரும் கேட்பது, அங்கே வீடு கிடைக்குமா, பிள்ளைக்கு ஸ்கூல் இருக்கிறதா என்றுதான். இரண்டும் கிடைக்கும். கல்யாணமாகி அங்கே போகும் பெண்கள் கேட்பதும் ஏறக்குறைய இதேதான், கூடவே இட்லி அரிசி கிடைக்குமா என்று. அதுவும் கிடைக்கும். யாரும் கேட்காமல் விட்டுவிட்டு, போய்ச் சேர்ந்த ஆறாம் மாதம் திணறுவது வேறொரு விஷயத்தில்: கரையில் விட்டுவந்த அப்பா அம்மா, பேங்க், ஆஸ்பத்திரி, கோர்ட், காலேஜ் எல்லாவற்றோடும் 1,200 கிலோமீட்டர் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்துகொண்டு எப்படித் தொடர்பு வைத்துக்கொள்வது என்பதில்.

நான் தென்காசிப் பக்கத்துக்காரன். பதினோரு வருஷமாக போர்ட் பிளேரில் இருக்கிறேன். இந்தப் பதினோரு வருஷத்தில் பட்டுத் தெரிந்துகொண்டதை, புதிதாக வருகிற ஒருவர் முதல் நாளே தெரிந்துகொண்டால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று பல முறை நினைத்திருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். சுற்றுலாவுக்கு ஐந்து நாள் வருகிறவர்களுக்கு இதில் பெரிதாக ஒன்றும் இல்லை.

முதலில் வார்த்தையைப் பிடித்துக்கொள்ளுங்கள். இங்கே யாரும் "இந்தியாவுக்குப் போகிறேன்", "ஊருக்குப் போகிறேன்" என்று சொல்வதில்லை, "மெயின்லேண்ட் போகிறேன்" என்பார்கள். தமிழ் பேசுகிறவரும் அப்படித்தான், வங்காளியும் தெலுங்கரும் அப்படித்தான். அந்தச் சொல்லில் சென்னையும் கொல்கத்தாவும் டெல்லியும் ஒன்றாகிவிடும். ஆனால் நடைமுறையில் அந்த மூன்றும் மூன்று தனித்தனிக் கயிறுகள், எந்த வேலைக்கு எந்தக் கயிற்றைப் பிடித்து இழுக்க வேண்டும் என்று தெரியாமல்தான் பாதிப் பேர் அலைகிறார்கள்.

எது எந்த ஊரில் இருக்கிறது

அந்தமான் நிக்கோபார் 1956 நவம்பர் 1 முதல் ஒன்றியப் பிரதேசம். சட்டமன்றம் கிடையாது, முதலமைச்சர் கிடையாது. மொத்தத் தீவுகளுக்கும் சேர்த்து மக்களவையில் ஒரே ஒரு எம்.பி. துணைநிலை ஆளுநர், தலைமைச் செயலாளர், அவர்களுக்கு மேலே டெல்லியில் உள்துறை அமைச்சகம். அதனால் கொள்கை, பணியிடம், பெரிய நிதி என்று எதுவானாலும் கோப்பு டெல்லிக்குப் போய்த்தான் திரும்பும். தமிழ்நாட்டில் எம்.எல்.ஏ. வீட்டு வாசலில் நின்று மனு கொடுத்துப் பழகியவர்கள் இங்கே வந்து யாரைப் பார்ப்பது என்று விழிப்பார்கள். குடிநீர், தெருவிளக்கு, குப்பை என்றால் நகராட்சி மன்றம் அல்லது பஞ்சாயத்து. மற்றதெல்லாம் சம்பந்தப்பட்ட துறையின் இயக்குநரகம், அதற்கு மேல் செயலகம். நேரடியாக அங்கே போங்கள். ஊர் சின்னது, அதிகாரியைப் பார்ப்பது சென்னையை விட எளிது.

கோர்ட் என்றால் கொல்கத்தா. இந்தத் தீவுகள் கல்கத்தா உயர் நீதிமன்றத்தின் அதிகார வரம்பில் வருகின்றன, அதன் சர்க்யூட் பெஞ்ச், அதாவது நீதிபதிகள் முறை வைத்து வந்து வழக்கு கேட்கும் அமர்வு, போர்ட் பிளேரில் உட்காரும். தபாலும் அப்படித்தான், மேற்கு வங்க அஞ்சல் வட்டத்தின் கீழ் வருகிறது. பின்கோடு 744-ல் தொடங்கும். உங்கள் தபால் எங்கே நிற்கிறது என்று பார்த்தால் கொல்கத்தா பெயர் வந்து பயமுறுத்தும், பயப்பட வேண்டாம், வழி தவறிப் போகவில்லை.

சாப்பாடு, சாமான், சிமெண்ட், வைத்தியம், காலேஜ், இன்டர்நெட் என்று தினசரி வாழ்க்கையில் பெரும்பகுதி சென்னையைத்தான் நம்பியிருக்கிறது. கொல்கத்தாவிலிருந்தும் விசாகப்பட்டினத்திலிருந்தும் கப்பல் வரும் என்றாலும், தமிழர்களுக்கு சென்னைதான் வாசல். எனவே சென்னையில் உங்களுக்காக ஓர் ஆள் வேண்டும். அண்ணன், மச்சான், கூடப் படித்தவர், யாராக இருந்தாலும் சரி, ஒரு பார்சலை வாங்கி வைத்து இன்னொருவரிடம் கொடுக்கக்கூடியவர், ஏர்போர்ட்டுக்கு ராத்திரியில் வரத் தயங்காதவர். கிளம்பும் முன்பே அவரிடம் வெளிப்படையாகப் பேசிவிடுங்கள், வருஷத்தில் நான்கைந்து தடவை தொந்தரவு கொடுப்பேன் என்று. பொறுப்பை ஒருவர் மேலேயே முழுக்க ஏற்றாமல் இரண்டு பேராக இருந்தால் இன்னும் நல்லது.

இன்னொன்று, ஊர்ப் பெயர். 2024 செப்டம்பரில் போர்ட் பிளேருக்கு ஸ்ரீ விஜய புரம் என்று பெயர் மாற்றினார்கள். அதற்கு முன் 2018 டிசம்பரில் ஹேவ்லாக் தீவு ஸ்வராஜ் த்வீப் ஆனது, நீல் தீவு ஷஹீத் த்வீப் ஆனது. பேச்சில் பழைய பெயர்தான் ஓடுகிறது. விமான டிக்கெட்டில் ஐ.எக்ஸ்.இசட் என்ற குறியீட்டைப் பார்த்தால் போதும், அது இந்த ஊர்தான். ஆனால் ஆதார், பேங்க், பள்ளிச் சான்றிதழ் எல்லாவற்றிலும் முகவரியை ஒரே மாதிரி வைத்துக்கொள்ளுங்கள், ஒன்றில் பழைய பெயரும் இன்னொன்றில் புதிய பெயரும் இருந்தால் மெயின்லேண்டில் உட்கார்ந்திருக்கிற யாரோ ஒருவருக்கு இரண்டும் வேறு வேறு ஊராகத் தெரியும்.

கப்பலா விமானமா

விமானத்தில் சென்னையிலிருந்து இரண்டு மணி நேரம், கொஞ்சம் கூடும். கப்பலில் அறுபது மணி நேரம், அதாவது மூன்று நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த இரண்டு எண்ணையும் பார்த்துவிட்டுக் கப்பலைத் தள்ளிவிடாதீர்கள். முதல் தடவை குடும்பத்தோடு சாமானோடு போகும்போது கப்பல்தான் நல்லது என்பது என் உறுதியான கருத்து. விமானத்தில் போனால் இரண்டு மணி நேரத்தில் வந்துவிட்டோமே, பக்கம்தானே என்று மனசு நினைத்துக்கொள்ளும், அந்த நினைப்போடு இங்கே வாழ ஆரம்பித்தால் ஒவ்வொரு தாமதமும் எரிச்சலாக இருக்கும். கப்பலில் மூன்று நாள் தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தவருக்கு, தக்காளி ஏன் இந்த விலை விற்கிறது, மருந்து ஏன் அடுத்த வாரம் வரும் என்கிறார்கள் என்பதெல்லாம் யாரும் விளக்காமலே புரிந்துவிடும்.

கப்பல் சென்னையிலிருந்து தினமும் கிடையாது. மாதத்துக்கு ஒன்று, இரண்டு என்ற கணக்கில்தான். அட்டவணையும் வெகு நாளைக்கு முன்னால் வராது, வந்த பிறகும் தேதி நகரலாம். அந்தமான் நிர்வாகத்தின் கப்பல் சேவைகள் இயக்ககம்தான் டிக்கெட், தேதி எல்லாம் பார்ப்பது. சென்னையில் ராஜாஜி சாலை ஜவஹர் கட்டடத்தில் உள்ள ஷிப்பிங் கார்ப்பரேஷன் அலுவலகத்தில் விசாரிக்கலாம். போர்ட் பிளேரில் இருந்தால் அரசு நடத்தும் 'டெய்லி டெலிகிராம்ஸ்' நாளிதழில் கப்பல் அறிவிப்புகள் வரும், ஊரே அதைப் பார்த்துத்தான் திட்டம் போடும். அசல் அடையாள அட்டை, அதன் நகல்கள், போட்டோ எல்லாம் கையோடு இருக்கட்டும்.

டிக்கெட்டில் பங்க், இரண்டாம் வகுப்பு கேபின், முதல் வகுப்பு கேபின், டீலக்ஸ் என்று வகைகள் உண்டு. பங்க் என்பது பெரிய கூடத்தில் வரிசையாக அடுக்குப் படுக்கைகள், ரயில் ஸ்லீப்பர் மாதிரி. செலவு மிகவும் குறைவு. தனியாக வரும் இளைஞர்களுக்கு அதுவே போதும், கூட்டத்தோடு கூட்டமாகப் பேசிக்கொண்டே வந்தால் தீவில் இறங்கும்போது பத்துப் பேரைத் தெரிந்திருக்கும். கைக்குழந்தையோ வயதானவர்களோ இருந்தால் கேபின் எடுங்கள், குளியலறைக்கு நடக்கும் தூரம்தான் காரணம், அலை அடிக்கும்போது அந்த நடை பெரியவர்களுக்கு ஆபத்து.

முதல் நாளுக்குப் புளிசாதம், பொடி தடவின இட்லி எடுத்துக்கொள்ளுங்கள். மற்ற நாளுக்குக் கப்பல் கேன்டீன் இருக்கிறது, சோறு பருப்பு முட்டை என்று ஒப்பேற்றிவிடலாம், காரம்தான் நமக்குப் போதாது, ஒரு பாட்டில் ஊறுகாய் பெரிய துணை. விரிப்பு, போர்வை, பூட்டு, பெரிய தண்ணீர் பாட்டில். குமட்டல் மாத்திரையை டாக்டரிடம் கேட்டு வாங்கி, குமட்ட ஆரம்பிக்கும் முன்பே போட வேண்டும், ஆரம்பித்த பிறகு போட்டால் அதுவே வெளியே வந்துவிடும். ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை கடல் அமைதி. மே கடைசியிலிருந்து தென்மேற்குப் பருவக்காற்று, அப்புறம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல் காலம். முதல் பயணத்தை இந்த மாதங்களில் வைத்துக்கொள்ளாமல் இருக்க முடிந்தால் நல்லது.

துறைமுகத்தை விட்டுச் சில மணி நேரத்தில் போன் சிக்னல் போய்விடும், மூன்றாம் நாள்வரை வராது. வீட்டில் இதை அழுத்திச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். என் அம்மாவிடம் நான் சொல்ல மறந்துபோனேன், மூன்று நாளும் அவர் சரியாகச் சாப்பிடவில்லை என்று அக்கா பிறகு சொன்னாள்.

போர்ட் பிளேர் தீவின் கிழக்குக் கரையில் இருக்கிறது, நாம் மேற்கிலிருந்து வருகிறோம், அதனால் கப்பல் தீவைச் சுற்றிக்கொண்டு போகும். கரை கண்ணில் பட்டு மணிக்கணக்கான பிறகுதான் ஹாடோ வார்ஃபில் இறங்குவீர்கள். பிள்ளைகளை எழுப்பி மேல்தளத்துக்குக் கூட்டிப் போங்கள், தண்ணீரிலிருந்து காடு நேராக எழுந்து நிற்பதை முதன்முதலில் பார்ப்பது அவர்களுக்கு மறக்காது.

விமானத்துக்கு வருவோம். இங்கே ஒரே விதிதான், அதை மீறி நான் பட்டபாடு போதும்: முக்கியமான எதற்கும் முந்தைய நாள் விமானத்தில் போகக் கூடாது. கல்யாணம், நேர்முகத் தேர்வு, காலேஜ் கவுன்சலிங், ஆபரேஷன் தேதி, எதுவானாலும் குறைந்தது இரண்டு நாள் முன்னதாகப் போய் இறங்கிவிடுங்கள், மழைக்காலம் என்றால் மூன்று நாள். வானிலை மோசமாகி விமானம் ரத்தானால் சென்னை–மதுரை மாதிரி ராத்திரி பஸ் பிடித்துப் போக வழி கிடையாது. பள்ளி விடுமுறை, துர்கா பூஜை, பொங்கல், காலேஜ் சேர்க்கை நேரம் எல்லாம் டிக்கெட் விலை ஏறி நிற்கும், தேதி தெரிந்த அன்றே எடுத்துவிடுங்கள்.

2016 டிசம்பர் முதல் வாரத்தில் நடந்ததை இங்கே எல்லோரும் சொல்வார்கள். காற்றழுத்தத் தாழ்வால் ஹேவ்லாக்கிலும் நீலிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் மாட்டிக்கொண்டார்கள், கடைசியில் கடற்படைக் கப்பல்கள் போய்க் கூட்டி வந்தன. அதே சின்னம்தான் வலுத்து வர்தா புயலாகி டிசம்பர் 12 அன்று சென்னையை அடித்தது. தீவில் இருக்கிறவருக்குப் புயல் இரண்டு தடவை வரும் என்பதை அப்போதுதான் புரிந்துகொண்டேன், ஒரு தடவை நம் தலைக்கு மேல், இன்னொரு தடவை நமக்குச் சாமான் வரும் துறைமுகத்தின் மேல். அதனால் வானிலை அறிக்கையில் சென்னைக்கு எச்சரிக்கை என்றால் நீங்களும் அரிசி, பருப்பு, பால் பவுடர், மருந்து இருப்பைப் பாருங்கள்.

சாமான்

எதைக் கொண்டுவருவது, எதை விட்டுவருவது? பீரோ, கட்டில் எல்லாம் தூக்கிக்கொண்டு வராதீர்கள். உப்புக் காற்றும் வருஷத்துக்கு மூவாயிரம் மில்லிமீட்டர் அளவுக்குப் பெய்யும் மழையும் சேர்ந்து இரும்பை இரண்டு மூன்று வருஷத்தில் தின்றுவிடும். மரச் சாமான் இங்கேயே வாங்கலாம். மிக்சி, கிரைண்டர் நல்லதாக இருந்தால் கொண்டுவாருங்கள், ரிப்பேர் பாகங்கள் வர நாளாகும் என்பதால் பழுதாகக்கூடிய சின்ன உதிரிகளை ஒரு ஜோடி கூடவே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஃபேன் கெபாசிட்டர், குக்கர் காஸ்கெட், மிக்சி கப்ளர், இந்த மூன்றும் இல்லாமல் எத்தனை வீட்டில் எத்தனை நாள் அவதிப்பட்டிருக்கிறார்கள் தெரியுமா.

லாரி சர்வீஸ்காரர்கள் மாதிரியே சென்னையிலிருந்து கடல் வழியாகச் சாமான் அனுப்பும் ஏஜென்ட்கள் இருக்கிறார்கள். உள்ளே பிளாஸ்டிக் ஷீட் சுற்றி, வெளியே சாக்கு தைத்து, ஆறு பக்கமும் பெயரும் போனும் எழுதுங்கள். பட்டியல் ஒன்று உள்ளே, ஒன்று கையில். எப்போது வரும் என்று அவர்கள் சொல்லும் தேதியோடு இரண்டு வாரம் கூட்டிக்கொள்ளுங்கள். பைக், கார் கொண்டுவந்தால் உங்கள் ஆர்.டி.ஓ.வில் தடையில்லாச் சான்று வாங்காமல் கிளம்பாதீர்கள், அதற்காகத் திரும்பப் போவது பெரிய செலவு.

ஆன்லைன் கடைகள் இங்கேயும் அனுப்புகின்றன, ஆனால் நாளாகும். பவர் பேங்க், சென்ட், ஸ்ப்ரே மாதிரி விமானத்தில் ஏற்றத் தடையோ கட்டுப்பாடோ உள்ளவை "இந்த முகவரிக்கு வராது" என்று காட்டும். பின்கோடு போட்டவுடன் சேவை இல்லை என்று வரும்போது முதலில் மனசு சுருங்கும், நாட்டிலேயே இல்லாதவர் மாதிரி இருக்கும். பழகிவிடும் என்று பலர் ஆறுதல் சொல்வார்கள். எனக்கு இன்னும் பழகவில்லை. சென்னையில் இருக்கும் அந்த ஆள் முகவரிக்குப் போட்டு, வருகிறவர் கையில் வாங்கிக்கொள்வதுதான் வழி.

காய்கறி விஷயத்தில் தீவின் விளைச்சலைப் பழகிக்கொள்ளுங்கள். உருளைக்கிழங்கு, வெங்காயம், முட்டை எல்லாம் கடல் தாண்டி வருவது, கப்பல் தாமதமானால் விலை ஏறும். நீல் தீவிலிருந்தும் மற்ற கிராமங்களிலிருந்தும் வரும் காய், கீரை, வாழை, தேங்காய், மீன் இதையெல்லாம் மையமாக வைத்து சமைத்தால் மாதச் செலவு கணிசமாகக் குறையும். சாம்பாரில் கேரட் இல்லாத வாரம் வந்தால் பப்பாளிக்காய் போடுங்கள்.

போன், நெட், கரண்ட், தண்ணீர்

2020-க்கு முன் வந்தவர்கள் நெட் பற்றிச் சொல்வதை இப்போது நம்ப மாட்டீர்கள், எல்லாமே செயற்கைக்கோள் வழியாக, ஒரு போட்டோ அனுப்ப டீ குடித்துவிட்டு வரலாம். 2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னையிலிருந்து கடலடியில் சுமார் 2,300 கிலோமீட்டருக்குப் போட்ட கண்ணாடி இழைக் கேபிளைத் திறந்தார்கள். போர்ட் பிளேர் தவிர ஹேவ்லாக், ரங்கத், லிட்டில் அந்தமான், கார் நிக்கோபார், கமோர்டா, கிரேட் நிக்கோபார் வரை அது போகிறது. எனக்குத் தெரிந்து இந்த நூற்றாண்டில் மெயின்லேண்டையும் தீவையும் இவ்வளவு நெருக்கமாகக் கொண்டுவந்த வேறொரு காரியம் கிடையாது. அப்பாவின் முகத்தை வீடியோவில் தடங்கல் இல்லாமல் பார்த்த முதல் ராத்திரி எங்கள் வீட்டில் யாரும் சீக்கிரம் தூங்கவில்லை.

அப்படியும் இரண்டு கம்பெனி சிம் வைத்துக்கொள்ளுங்கள், அதில் ஒன்று பி.எஸ்.என்.எல். ஆக இருக்கட்டும், தூரத் தீவுகளுக்குப் போகும்போது அதுதான் கைகொடுக்கும். பேங்க் ஓ.டி.பி. எந்த நம்பருக்கு வருகிறதோ அந்த சிம் தீவில் வேலை செய்கிறதா என்று முதல் வாரமே சோதித்துவிடுங்கள்.

மின்சாரம் மெயின்லேண்ட் கிரிட்டோடு இணைந்ததில்லை, பெரும்பகுதி டீசலில் ஓடுகிறது, அந்த டீசலும் கப்பலில்தான் வரவேண்டும். நம் நெய்வேலி நிறுவனம் போர்ட் பிளேரில் 20 மெகாவாட்டுக்கு சூரிய மின்நிலையம் போட்டிருக்கிறது, அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தோஷம். வீட்டில் இன்வெர்ட்டர் வைத்துக்கொள்ளுங்கள். மழை இவ்வளவு பெய்தும் கோடையில் குழாய்த் தண்ணீர் நாள்விட்டு நாள்தான் வரும், வீடு பார்க்கும்போது தொட்டி எவ்வளவு பெரியது என்று கேட்டுவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.

கடிகாரம் மெயின்லேண்டுடையதுதான், சூரியன் அப்படி இல்லை. மே மாதம் ஐந்து மணிக்கு முன்பே விடிந்துவிடும், டிசம்பர் தொடக்கத்தில் சாயங்காலம் ஐந்துக்கு முன்பே இருட்டிவிடும். ஊரில் அம்மா சாயங்காலக் காபி போடும் நேரத்தில் உங்களுக்கு ராத்திரி மாதிரி இருக்கும். சீக்கிரம் எழுந்து சீக்கிரம் படுப்பவர்களாக மாறிவிடுங்கள், உடம்புக்கு நல்லது, ஆனால் ஊருக்குப் போன் பேசும் நேரத்தை இரண்டு பக்கமும் கலந்து பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

உடம்பு, பிரசவம், சாவு

இதைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

போர்ட் பிளேரில் ஜி.பி. பந்த் ஆஸ்பத்திரி இருக்கிறது, 2015-ல் மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது. சாதாரண வைத்தியத்துக்கு எங்கேயும் போக வேண்டியதில்லை. சிக்கலான இருதயம், புற்றுநோய் மாதிரி சிலவற்றுக்கு மெயின்லேண்டுக்கு ரெஃபர் செய்வார்கள், பெரும்பாலும் சென்னை அல்லது வேலூர். ரெஃபரல் கடிதம் இல்லாமல் நீங்களாகக் கிளம்பிப் போனால் செலவைத் திரும்பப் பெறுவது கடினம், அதனால் அவசரம் இல்லாத எதற்கும் முதலில் கடிதம், பிறகு டிக்கெட். வீட்டில் யாருக்காவது நாள்பட்ட நோய் இருந்தால் மருந்தை எப்போதும் இரண்டு மாதத்துக்குக் கையிருப்பு வையுங்கள். ரிப்போர்ட்களை ஸ்கேன் செய்து போனிலும், சென்னை ஆளிடம் ஒரு நகலும் இருக்கட்டும்.

தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு போவது நம் வழக்கம். இங்கே அதற்குக் கணக்கு வேண்டும். விமானக் கம்பெனியைப் பொறுத்து 28 அல்லது 32 வாரம் தாண்டினால் டாக்டர் சான்று கேட்பார்கள், 36 வாரத்துக்கு மேல் பொதுவாக ஏற்ற மாட்டார்கள். ஏழாம் மாத வளைகாப்பை ஊரிலேயே வைத்து அப்படியே அங்கே தங்கிவிடுவதுதான் பெரும்பாலோர் செய்வது. ஒன்பதாம் மாதம் நல்ல நாள் பார்த்துப் போகலாம் என்று இருந்துவிடாதீர்கள். இங்கேயே பிரசவம் பார்ப்பது என்று முடிவு செய்தால் அம்மாவுக்கோ மாமியாருக்கோ முன்கூட்டியே டிக்கெட் எடுத்து வரவழையுங்கள், அதுவும் நல்ல முடிவுதான், என் இரண்டாவது மகள் இங்கேதான் பிறந்தாள்.

சாவைப் பற்றிப் பேச யாருக்கும் பிடிக்காது. ஆனால் தீவுக்கு வரும் முன் வீட்டில் பேசியே ஆக வேண்டிய விஷயம் இதுதான். என் தாய்மாமா ஒரு ஜூலை மாதம் காலையில் போய்விட்டார். அன்று மதியத்துக்குப் பிறகு எந்த விமானத்திலும் இடம் இல்லை, மறுநாள் மழையால் ரத்து, மூன்றாம் நாள் போய்ச் சேர்ந்தபோது பால் தெளிப்பு முடிந்துவிட்டது. எனக்காக உடலை ஒரு நாள் முழுக்க வைத்திருந்து, பிறகு முடியாமல் எடுத்திருக்கிறார்கள். யார் மேலும் குற்றமில்லை. அதன் பிறகு நாங்கள் அண்ணன் தம்பிகள் உட்கார்ந்து பேசி ஒரு முடிவுக்கு வந்தோம்: யாருக்காவது ஏதாவது ஆனால் எனக்காகக் காத்திருக்க வேண்டாம், நான் பதினாறாம் நாள் காரியத்துக்குக் கட்டாயம் வந்துவிடுவேன், கொள்ளி வைக்கும் உரிமை தம்பிக்கு. பேசும்போது எல்லோரும் அழுதோம். ஆனால் அப்பா அதைக் கேட்டுவிட்டு, "சரிப்பா, மனசுக்கு ஒரு தெளிவு வந்துச்சு" என்றார். அவர் அப்படிச் சொன்னது எனக்கு எவ்வளவு பெரிய விடுதலை என்று எழுத்தில் சொல்ல முடியவில்லை. அதோடு, ஒரு ஆளுக்குக் கடைசி நேர விமான டிக்கெட் எடுக்கும் அளவு பணத்தைத் தனியாக ஒரு கணக்கில் போட்டு வைத்து அதைத் தொடாமல் இருக்கப் பழகுங்கள்.

பிள்ளைகள் படிப்பு

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இங்கே பள்ளிகள் சி.பி.எஸ்.இ. தமிழ்வழிப் பள்ளிகளும் உண்டு. ப்ளஸ் டூவுக்குப் பிறகு தீவு மாணவர்களுக்கென்று மெயின்லேண்ட் கல்லூரிகளில் இடங்கள் ஒதுக்குவார்கள், ஆனால் அதற்குத் தகுதி இத்தனை வருஷம் இங்கே படித்திருக்க வேண்டும் என்ற கணக்கில் வரும், அதனால் பிள்ளை ஒன்பதாம் வகுப்பில் இருக்கும்போதே கல்வித்துறையில் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். தீவுவாசிகளுக்குக் கப்பல் கட்டணத்திலும் பெரிய சலுகை உண்டு. அதற்கு ஐலண்டர் அட்டை வேண்டும், புதிதாக வந்தவருக்குக் கிடைக்காது, வந்த நாளிலிருந்து வாடகை ஒப்பந்தம், ரேஷன், பள்ளிச் சான்று எல்லாவற்றையும் பத்திரமாகச் சேர்த்து வையுங்கள்.

நீங்கள் இங்கே மெயின்லேண்டர்

இறங்கின நாளிலிருந்து உங்களுக்கு ஒரு பெயர் உண்டு, மெயின்லேண்டர். அதைத் திட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம், ஆனால் அது ஏன் வந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள். 1942-ல் ஜப்பான்காரர்கள் பிடிப்பதற்கு முன்பே இங்கே இருந்த குடும்பங்கள், தண்டனைக் கைதிகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள், கிழக்கு வங்கத்திலிருந்து அகதிகளாக வந்து காடு திருத்திய வங்காளிகள், ராஞ்சிப் பக்கமிருந்து மரம் வெட்ட வந்தவர்கள், பர்மாவிலிருந்து வந்த மாயாபந்தர் பக்கத்துக் கரேன் மக்கள், அப்புறம் 1964 சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கை மலையகத்திலிருந்து வந்து கட்சால் தீவு ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்ட நம் தமிழ்க் குடும்பங்கள். இவர்கள் எல்லோருக்கும் இது ஊர், திரும்பிப் போக வேறு இடமில்லை. நாம் மூன்று வருஷம் இருந்துவிட்டுப் போகிறவர்கள் என்று அவர்களுக்குத் தெரியும். அதனால் வந்த புதிதில் "எங்க ஊர்ல இதெல்லாம் அரை மணி நேரத்துல முடிஞ்சிடும்" என்ற வாக்கியத்தைச் சொல்லாதீர்கள். நான் நிறையச் சொன்னேன். பக்கத்து வீட்டு வங்காளி அக்கா ஒரு நாள் மெதுவாக, "தம்பி, அது உன் ஊரின் சாமர்த்தியம் இல்லை, அங்கே நடுவில் கடல் இல்லை, அவ்வளவுதான்" என்றார்.

2011 கணக்கெடுப்பில் இங்கே 3.8 லட்சம் பேர், நூற்றுக்குப் பதினைந்து பேர் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள். தமிழ் கேட்காத தெரு போர்ட் பிளேரில் குறைவு, வெற்றிமலை முருகன் கோயிலில் பங்குனி உத்திரம் பார்த்தால் ஊர் நினைவு தீரும். ஆனாலும் எல்லோரையும் சேர்க்கும் மொழி இங்கே இந்திதான், அதுவும் இலக்கணம் பார்க்காத, எல்லா மொழியும் கலந்த தீவு இந்தி. வெட்கப்படாமல் தப்பும் தவறுமாகப் பேசுங்கள், யாரும் சிரிக்க மாட்டார்கள்.

உங்களைப் பார்க்க உறவுக்காரர்கள் வருவார்கள். பாஸ்போர்ட் வேண்டுமா என்று கேட்பார்கள், வேண்டாம். ஆதிவாசிகளைப் பார்க்கலாமா என்று கேட்பார்கள். இந்தக் கேள்விக்கு உறுதியாக, கூடாது என்று சொல்லுங்கள். ஜாரவா மக்களின் காட்டுக்குள் டிரங்க் ரோடு போகிறது, ஜிர்காட்டாங்கில் வண்டிகளைச் சேர்த்து கான்வாயாக அனுப்புவார்கள், நிறுத்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, எதையும் கொடுக்கக் கூடாது. 1956-ம் வருஷத்துச் சட்டம் அவர்களைக் காக்கிறது. நம்மிடமிருந்து அவர்களுக்குப் போகும் ஒரு சளிக்காய்ச்சல் கூட அவர்களுக்குப் பெரிய ஆபத்து. விருந்தாளி முகம் சுளித்தாலும் பரவாயில்லை. அதேபோல் ஊருக்குத் திரும்பும்போது கரையில் பொறுக்கின பவளமோ சங்கோ பையில் இருந்தால் ஏர்போர்ட்டில் எடுத்துவிடுவார்கள், வழக்கும் வரலாம், பையை நீங்களே ஒரு தடவை பார்த்து அனுப்புங்கள்.

கடைசியாக, நீங்களே முதல் தடவை மெயின்லேண்ட் போகும்போது செய்ய வேண்டியது. தேதி முடிவானதும் அக்கம்பக்கத்தில் மூன்று வீட்டுக்காவது சொல்லுங்கள். சொன்ன அன்று ராத்திரியே ஒருவர் வருவார், வேலூரில் காட்ட வேண்டிய ரிப்போர்ட்டோடு. இன்னொருவர் ஹாஸ்டலில் இருக்கும் மகனுக்கு மீன் ஊறுகாய் கொடுப்பார். திரும்பி வரும்போது யாருக்கோ தைராய்டு மாத்திரை, யாருக்கோ மூக்குக் கண்ணாடி, யாருக்கோ அடுப்புப் பர்னர். எதையும் உங்கள் கண் முன்னால் பிரித்துக் காட்டச் சொல்லி வாங்குங்கள், ஏர்போர்ட்டில் கேட்டால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், இங்கே அதுதான் வழக்கம். உங்களுக்கு ஒன்று தேவைப்படும் நாளில் அவர்களும் இப்படித்தான் கொண்டுவருவார்கள். பெட்டி அடுக்கும்போது போகும்போதும் வரும்போதும் இரண்டு கிலோவுக்கு இடம் விட்டு அடுக்குங்கள்.